மூன்றாம் வரிசையின் மதிப்பெண்

2025 செப்டம்பர் 14, ஞாயிறு. காலை 4.40க்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாளில்லை. முந்தைய நாள் பிடித்ததில் இரண்டு குடம் மிச்சம் இருந்தது. 5.30 பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய் 6.35க்குத் திரும்பினேன். மூன்று இட்லி, ஒரு டம்ளர் காப்பி. கணவர் கப்பலில் இருக்கிறார். ஞாயிறு காலையில் அவர் இருக்கும் கடலில் மணி என்னவென்று கணக்குப் பார்த்து ஒரு செய்தி அனுப்புவது வழக்கம், அனுப்பினேன். 7.10க்கு ஸ்கூட்டியை எடுத்தேன். பையில் இரண்டு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, கால்குலேட்டர், ஸ்கேல், கிளிப் அட்டை. காற்று பலமாக இருந்தது. உப்பளத்துத் தூசி மூக்குக் கண்ணாடியில் படிந்து, இரண்டு முறை வண்டியை நிறுத்தித் துடைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் டைரியில் இருக்கிறது. இதற்குக் கீழே அன்று எழுதியதை மூன்று முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். டைரியில் எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிச் சரக்கின் எடை, பெட்டி எண், முத்திரை எண் எல்லாம் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போகும்போது ஓர் இலக்கம்கூட மாறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஓர் எண் தவறினால் பெட்டி துறைமுக வாசலிலேயே நின்றுவிடும். என் தவறால் அப்படி நின்ற பெட்டி ஒன்று உண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில். அதற்குப் பிறகு இல்லை.

இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் ஊரின் ஸ்கேட்டிங் சங்கத்தில் மதிப்பெண் கூட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். என் மகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அங்கே ஆடினாள். பிறகு அவள் படிக்க வெளியூர் போய்விட்டாள். நான் மட்டும் போட்டி நாட்களில் என் கிளிப் அட்டையோடு போய்க்கொண்டிருந்தேன். மொத்தம் ஒன்பது வருடம்.

பனிக்கட்டித் தளத்தில் சுழன்று சுழன்று ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதையே நான்கு சக்கரம் வைத்த காலணியைக் கட்டிக்கொண்டு சிமெண்ட் தளத்தில் ஆடுவதுதான் எங்கள் ஊரில் நடப்பது. இரண்டரை நிமிடப் பாட்டு. அதற்குள் தாவ வேண்டும், நின்ற இடத்தில் சுழல வேண்டும், ஒற்றைக் காலில் வளைந்து போக வேண்டும். ஓட்டப் பந்தயம் என்றால் யார் முந்தி வந்தார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். இதில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. வேறு வேலையே கிடையாது.

கடல் ஈரத்தில் காலையில் தளம் வியர்த்துக் கிடக்கும். பழைய கைலியைக் கட்டையில் சுற்றி, பெற்றோர்கள் சுவரிலிருந்து சுவர் வரை வரிசை பிடித்துத் துடைப்பார்கள். அன்றும் 7.30க்கு நான் போனபோது நான்கு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் முத்தையாபுரத்திலிருந்து வருகிறவர், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் ஆடும் ஒரு பெண்ணின் அப்பா. அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலணி இன்னொரு பெண்ணுக்குச் சிறிதாகிப்போய் இவளுக்கு வந்தது.

அந்தப் பிரிவில் மொத்தம் ஐந்து பெண்கள். முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்கு மாவட்ட அணியில் போவார்கள். முத்தையாபுரத்துப் பெண் மூன்று வருடமாகத் தொடர்ந்து மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். அடுத்த வருடம் வயது கூடிவிடும், பெரிய பெண்களோடு ஆட வேண்டும். அணியில் போக இந்தப் பிரிவில் அவளுக்கு இருந்த கடைசித் தேர்வு அது. அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும், மூன்று வருடமும் அவள் மதிப்பெண்ணைக் கூட்டிய எனக்கும் தெரியும்.

நடுவர்கள் மூன்று பேரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர் உட்கார்ந்தால் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டிப் போடுவார் என்று வெளியூரிலிருந்து வரவழைப்பது வழக்கம். நான்கு வருடத்துக்கு முன் நான் இன்னொன்றும் சொன்னேன். நடுவர் தாளில் பெயரே வேண்டாம், ஆடும் வரிசை எண் மட்டும் இருக்கட்டும் என்றேன். முதலாவதாக ஆடுகிறவருக்கு முதல் வரிசை, இரண்டாவதாக ஆடுகிறவருக்கு இரண்டாம் வரிசை. வரிசைக்கு இரண்டு கட்டம்: நுட்பத்துக்கு ஒன்று, நயத்துக்கு ஒன்று, பத்துக்கு இவ்வளவு என்று. எந்தப் பெயருக்கு எந்த வரிசை என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும். அந்தத் தாளை நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நகல் எடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். சங்கச் செயலாளர்தான் அதிகம் பாராட்டினார்.

ஆடும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது அவர்தான். அதை அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை போட்டார். மூன்றாவதாக வந்தது சங்கத்துக்கு அந்தத் தளத்தைத் தங்கள் செலவில் போட்டுக்கொடுத்த குடும்பத்தின் பேத்தி. நான்காவது முத்தையாபுரத்துப் பெண்.

போட்டி 8.45க்குத் தொடங்கியது. முதலில் ஆடியது சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த பெண். அவள் ஆடி முடிக்கும்போது செயலாளர் எனக்கு போன் செய்தார். தளம் கொடுத்த குடும்பத்தில் ஒரு பையனுக்கு அன்று புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். குடும்பம் முழுக்கக் கோயிலில் இருந்தது. அவரும் அங்கேதான் இருந்தார். பூசை இப்போதுதான் பிரசங்கத்துக்கு வந்திருக்கிறது என்றார். பின்னால் ஒலிபெருக்கியில் சாமியாரின் குரல் கேட்டது.

"அந்தப் பிள்ள மூணாவது இல்லியா, அவளக் கடைசில போட்டுருங்க தங்கச்சி. மத்த பிள்ளைய ஒண்ணொண்ணா மேல ஏறட்டும்" என்றார்.

இதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள். பூசைக்குப் போனவர்களை இந்த ஊரில் தாமதம் என்று சொல்வதில்லை. அதிலும் புதுநன்மைப் பூசை. சாத்தான்குளத்துப் பெண்ணின் அம்மா பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். அவர் மட்டும் என் மேஜைப் பக்கம் வந்து, "எங்க பாஸ்டர் கடியாரத்தப் பாத்துக்கிட்டே பேசுவாரு. ஒங்க சாமியாருக்குக் கடியாரமே கெடையாது போல" என்றார். நானும் சிரித்தேன். பட்டியலில் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு வரிசையை மாற்றினேன். முத்தையாபுரத்துப் பெண் மூன்றாவது. ஐந்தாவதாக இருந்தவள் நான்காவது. பேத்தி ஐந்தாவது. மாற்றிய நேரத்தையும் பக்கத்தில் எழுதினேன், 8.52.

வரிசை மாறினால் நடுவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டாவது பெண் ஆடி முடித்ததும் எழுந்து போனேன். நடு மேஜையில் இருந்தவரிடம் முதலில் சொல்லலாம் என்று அவர் பக்கவாட்டில் குனிந்தேன். ஐம்பது வயதிருக்கும், நீலச் சட்டை. ஒரு கையில் கைபேசி. ஏதோ கிரிக்கெட் துண்டுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் சங்கம் கொடுத்த முந்திரி மக்ரூன் இனிப்புப் பெட்டி திறந்திருந்தது. அதன் தூள் மதிப்பெண் தாள்மேல் சிந்தியிருந்தது.

தாள் நிறைந்திருந்தது.

ஐந்து வரிசை, பத்துக் கட்டம், பத்திலும் எண்கள். மூன்றாம் வரிசையில் 8.1, 8.3. நான்காம் வரிசையில் 5.6, 5.4. ஐந்தாவதில் 5.2, 5.0. கீழே கையெழுத்தும் போட்டாயிற்று. மூன்றாவது பெண் அப்போதுதான் ஓரத்தில் ஒரு முழங்காலை ஊன்றிக் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்தவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது ஆட வேண்டியவள் கோயிலில் இருந்தாள்.

பத்துக் கட்டத்தையும் மேலிருந்து கீழே இன்னொரு முறை வாசித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மேடம்?"

வரிசை மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுந்து வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தேன் என்றேன்.

"தண்ணி வேணாம். டீ இருந்தா சொல்லுங்க."

அங்கிருந்து நகர்ந்து டீயும் சொன்னேன்.

மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. மூன்றாம் வரிசை எண்கள் யாருக்காக எழுதப்பட்டவை என்று புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சீட்டு விழுந்த அன்றே வரிசை அவர்களுக்குப் போயிருக்கிறது. எந்தப் பெண் யார் என்று அவர்களுக்கு முகம் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை, வரிசை எண் போதும். பெயர் இல்லாத என் தாள் அவர்களுடைய வேலையை எவ்வளவு சுலபமாக்கியிருக்கிறது என்று நினைத்தபோது காது சூடேறியது. வரிசையை மாற்றச் சொன்னவரோ கோயிலில் உட்கார்ந்துகொண்டு தான் கொடுத்த பட்டியலையே மறந்துவிட்டார். இப்போது 8.1உம் 8.3உம் யாருக்குப் போகும்? நான் வாயைத் திறக்காவிட்டால் முத்தையாபுரத்துப் பெண்ணுக்குப் போகும்.

மற்ற இரண்டு மேஜைகளுக்கும் நான் போகவில்லை. வாயைத் திறக்கவுமில்லை.

கைதட்டல் கேட்டது. நிமிர்ந்தபோது அந்தப் பெண் கைகளை விரித்து முடிவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டரை நிமிடமும் நான் என் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

9.20க்குப் பேத்தி வந்து சேர்ந்தாள். கோயில் உடையை மாற்றிக்கொண்டு கடைசியாக ஆடினாள். அவள் ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். நன்றாக ஆடினாள். ஒரு தடுமாற்றம்கூட இல்லை, சுழற்சியில் தலை அசையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அருவருப்பு கூடிற்று. அவளுக்கு இது தேவையே இல்லை. பார்த்து மதிப்பெண் போட்டிருந்தாலே அணியில் இருந்திருப்பாள். ஆனால் பார்க்கும் சிரமம் அவர்களுக்கு எதற்கு?

மூன்று தாள்களையும் வாங்கிக் கூட்டினேன். மூன்றிலும் மூன்றாம் வரிசைதான் முதல், முதல் வரிசைதான் இரண்டாவது, ஐந்தாம் வரிசைதான் கடைசி. எண்களில்கூட அதிக வித்தியாசமில்லை. இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்து, 10.05க்கு ஒலிபெருக்கியில் வாசித்தேன். முதலிடம் முத்தையாபுரத்துப் பெண். இரண்டாமிடம் சாத்தான்குளத்துப் பெண். பேத்தி ஐந்தாவது. பேத்தி அழவில்லை, தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா கைபேசியை எடுத்தார்.

முத்தையாபுரத்துப் பெண் என் மேஜைக்கு வந்தாள். வேர்வை தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மொதல்லயா ஆன்ட்டி? ரெண்டாவது இல்லியா?" என்றாள்.

தாளைப் பார்த்துக்கொண்டே, மொதல்தான் என்றேன். அவள் போய்த் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அவிழ்த்ததைத் திரும்பக் கட்டினாள். பிறகு மறுபடி அவிழ்த்தாள். அவள் அப்பா பெற்றோர்களிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். துடைத்த கைலி இன்னும் தோளில் கிடந்தது.

செயலாளர் 10.25க்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பூசைக்குப் போட்ட செண்ட் வாசனை. அறுபதைத் தாண்டியவர், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். என்னைப் பாய்களும் கூம்புகளும் அடுக்கியிருந்த சாமான் அறைக்கு வரச் சொன்னார். நடு மேஜைக்காரரும் கூடவே வந்து கதவருகே நின்றார்.

"வரிசை மாறினத இவியட்ட நீங்க சொல்லலியா?" என்றார் செயலாளர்.

"மாத்தச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி."

"நான் ஒங்கட்ட சொன்னேன். நீங்க இவியட்ட சொல்லணும்லா?"

"பிள்ளைய ஆடுறதப் பாத்துத்தான மார்க் போடுதாவ? முன்னுக்கு ஆடுனா என்ன, பின்னுக்கு ஆடுனா என்ன?"

கதவருகே நின்றவர் பல்லிடுக்கில் மாட்டிய எதையோ நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கூம்புகளைப் பார்த்தேன்.

பிறகு செயலாளர் இதமாகப் பேசினார். ஒன்றும் பெரிய விஷயம் இல்லையாம். மூன்று, நான்கு, ஐந்து வரிசைகளுக்குப் பெயர் மாறி விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் பட்டியல்படி பெயரைப் போட்டு, மதிப்பெண் கூட்டியதில் பிழை என்று ஒரு வரி எழுதி நான் கையெழுத்திட்டால் போதும். மனிதர்கள் தவறு செய்வது சகஜம், யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தாள் ஆட்டத்துக்கு முன்பே நிரம்பியிருந்ததை நான் பார்த்தேன். அதை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவேன் என்றும் சொன்னேன்.

செயலாளர் தலையாட்டினார். "எழுதுங்க தங்கச்சி. எழுதணும். ஆனா பாத்ததும் ஏன் சொல்லலன்னு கேப்பாவள்லா? தண்ணி வேணுமான்னு கேட்டீயளாமே. அதையும் எழுதுவீயளா?"

அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை. அந்த நடுவர்மேல் வந்த அருவருப்பு அப்படியே திரும்பி என்மேல் கவிழ்ந்தது. பிள்ளை ஜெயிக்கட்டும் என்று இருந்தேனா, அவர்கள் குழியில் அவர்களே விழட்டும் என்று இருந்தேனா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. இரண்டில் எதுவானாலும் ஒரு பொய் எண் தவறான ஆளிடம் போவதைத் தெரிந்தே போகவிட்டேன். என் அலுவலகத்தில் அப்படிச் செய்தவர்களை நான் மன்னித்ததில்லை.

சங்கப் பொருளாளரை வைத்துப் புதுத் தாள் எழுதினார்கள். 10.50க்குச் செயலாளரே ஒலிபெருக்கியைப் பிடித்தார். மதிப்பெண்களைக் கூட்டியவர் செய்த கவனக்குறைவால் முடிவு தவறாக அறிவிக்கப்பட்டது, வருந்துகிறோம் என்று வாசித்தார். முதலிடம் பேத்தி. இரண்டாமிடம் சாத்தான்குளத்துப் பெண். முத்தையாபுரத்துப் பெண் மூன்றாவதுகூட இல்லை. நான்காவது.

ஒருவரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கூட்டலில் தவறு என்றால் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன் கைகுலுக்கியவர்கள் அந்த அப்பாவைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுத் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

நான் வண்டி நிறுத்தியிருந்த வேப்ப மரத்தடிக்கு அவர் மகளோடு வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். அவர் அப்படி வரவில்லை.

"யக்கா, நீங்க தப்பாக் கூட்டிட்டீயளா?"

இல்லை என்றேன்.

"அப்ப எம் பிள்ள மொதல் தானா?"

அதற்கும் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அங்கேயே நின்றபடி நடந்ததைச் சொன்னேன். தாள் முன்பே நிரம்பியிருந்ததைச் சொன்னேன். அவளுக்கு முதலில் விழுந்த எண் பேத்திக்காக எழுதியது, இப்போது விழுந்திருப்பது அவளுக்காகவே எழுதியது, இரண்டையும் எழுதியபோது அவள் ஆடவே இல்லை என்றும் சொன்னேன். நான் பார்த்துவிட்டு நடுவரிடம் சொல்லாமல் வந்ததையும் மறைக்கவில்லை. கேட்டபடியே அவர் கைலியைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார்.

"அவுக பாக்கல. சரி. நீங்க பாத்தீயள்லா யக்கா? நல்லா ஆடுனாளா? ஸ்பீக்கரு விட்டு விட்டுப் போச்சின்னு நான் பாட்டு ஓடுன போனப் புடிச்சிக்கிட்டே நின்னுட்டேன். சரியாப் பாக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைதட்டலுக்கு நிமிர்ந்தேனே, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. அவள் எந்தப் பக்கமிருந்து தொடங்கினாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"பாக்கல" என்றேன்.

அதுவரை சும்மா நின்ற பெண் வாயைத் திறந்தாள். "அப்ப யாருமே பாக்கலியா?"

அவள் அழுதிருந்தால் தேவலை. பரீட்சைத் தாள் தொலைந்துபோயிற்றா என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் அப்பா, "ஏளா, வா, பஸ்ஸு போயிரும்" என்று தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் ஒன்பது வருடக் குறிப்பேடுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். ஒவ்வொரு போட்டியின் கூட்டலையும் நகல் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் எண்கள் நேர்கோட்டில், தசமப் புள்ளிக்குக் கீழே தசமப் புள்ளி. எது பார்த்துப் போட்டது, எது மக்ரூன் சாப்பிட்டபடி போட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எண்ணைப் பார்த்தால் எண்ணாகத்தான் இருக்கிறது. முத்தையாபுரத்துப் பெண் மூன்று முறை மூன்றாவதாக வந்த பக்கங்களைத் தேடி எடுத்தேன். மூன்றிலும் கீழே சரிபார்க்கப்பட்டது என்று எழுதி என் சுருக்கொப்பம். எதைச் சரிபார்த்தேன்? என் மகள் இரண்டாவதாக வந்து அணியில் போன வருடத்துப் பக்கமும் இருந்தது. அதைப் பார்க்காமல் மூடினேன். பிறகு திறந்து பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு தடவை கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு கடிதம் எழுதினேன். மாநிலத் தேர்வுக் குழுவுக்கு மேல்முறையீட்டைப் பெற்றோர்தான் இரண்டு நாளுக்குள் கொடுக்க வேண்டும். கூட்டியவரின் வாக்குமூலத்தை அதோடு இணைக்கலாம். இரண்டு பக்கம் வந்தது. நேரங்களை எழுதினேன், தாளில் பார்த்த எண்களை எழுதினேன். முதல் பக்கத்தின் கடைசியில், வரிசை மாறியதை நடுவரிடம் சொல்ல வேண்டியது என் கடமை, தெரிந்தே சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன் என்றும் எழுதினேன். அந்த இடத்தில்தான் டைரியில் மூன்று அடித்தல். கடிதத்தில் அடித்தல் இல்லை. இதனால் அந்தப் பெண்ணுக்கு முதலிடம் கிடைக்காது. பார்க்காமல் கொடுத்த முதலிடம் அது. மறுபடி ஆடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தேன். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மாவட்ட அணி அவள் இல்லாமலே போய்வந்தது. சங்கத்தில் கூட்டுவதற்கு இப்போது வேறு ஆள்.

மாலை ஐந்து மணிக்கு அவள் அப்பாவுக்கு போன் செய்து, கடிதம் தயார், எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டேன். காலை ஏழுக்கு அவருக்கு வண்டி. ஆறு மணிக்கு வரச் சொன்னார். இன்னொன்றும் கேட்டேன். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, "சரி யக்கா" என்றார்.

15, திங்கள். 4.40க்கு எழுந்து, டைரியைத் திறக்காமல், வீட்டு வேலை எதையும் தொடாமல் 5.25க்குக் கிளம்பினேன். துறைமுகச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. 5.50க்கு முத்தையாபுரம் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் முன்புறம் சிமெண்ட் போட்டிருக்கிறது. சங்கத்துத் தளத்தில் பாதி அகலம்கூட இருக்காது. அவள் அப்பா அதைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். பெண் பள்ளிக்கூடப் பாவாடைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு காலணியோடு நின்றாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். பாட்டுக்காக போனை எடுத்துக் கையில் பிடித்தார். அதைத் தரையில் வைத்துவிட்டு நீங்களும் இங்கே வந்து நில்லுங்கள் என்றேன். வந்து நின்றார். நான் பையை வண்டியிலேயே விட்டிருந்தேன், பேனாவும் இல்லை.

கிடங்குச் சுவரோரமிருந்து அவள் தொடங்கினாள். இடது காலில் எழுந்து ஒரு பெரிய வளைவு, இடம் போதாமல் அதைக் குறுக்கினாள். முதல் தாவலில் நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கின. சுழற்சியில் ஏழு சுற்று. ஐந்தாவதில் மட்டும் கொஞ்சம் நகர்ந்தாள். இரண்டாவது தாவலில் நிலை தவறி இடது கை தரையைத் தொட்டது. உடனே எழுந்து பாட்டைப் பிடித்துக்கொண்டாள். கடைசி நாற்பது நொடி ஒற்றைக் காலில் வளைந்து வளைந்து வந்தது மிக நன்றாக இருந்தது. அவள் அப்பா தரையில் கிடந்த போனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

முடித்ததும் அவள் கைகளை விரித்து நிற்கவில்லை. நேராக என்னிடம் உருண்டு வந்து நின்றாள்.

"ரெண்டாவது ஜம்ப்ல கை பட்டுச்சு, பாத்தீயளா?"

"பாத்தேன்" என்றேன்.

"நேத்து படல" என்றாள்.